தோள் கொடுக்கிற பிள்ளைக்கு யார் தோள் கொடுப்பது?

பத்தாம் வகுப்பு, மூன்றாவது பீரியட். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு பையன் மேசைமேல் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. எழுப்பித் திட்டினேன். "ராத்திரி முழுக்க போனையே நோண்டிக்கிட்டு இருந்தா இப்படித்தான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

நான் சொன்னது உண்மைதான். ராத்திரி முழுக்க அவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் அவனோடு படிக்கும் ஒரு பெண், தனக்கு வாழவே பிடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தான். அவள் தூங்கிவிட்டாள் என்று தெரியும்வரை இவன் தூங்குவதில்லை. 19 நாட்கள் இப்படியே போயிருக்கின்றன.

அவனை அந்தப் பொறுப்பில் உட்கார வைத்தது நான். எங்கள் பள்ளியில் தொடங்கிய தோழமைக் குழுவின் முதல் அணியில் அவன் ஒரு உறுப்பினர். "உங்கள் நண்பர்கள் மனம்விட்டுப் பேச வந்தால் காது கொடுங்கள், கைவிட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிச் சட்டையில் ஒரு பேட்ஜையும் குத்திவிட்டிருந்தேன். அவன் கைவிடவில்லை. எந்த இடத்தில் அந்தச் சுமையைப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதை நான்தான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

இருபதாம் நாள் மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "மிஸ், ஒருத்தர் உயிரோட இருக்கணும்னா இன்னொருத்தர் எத்தனை நாள் தூங்காம இருக்கலாம்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அன்று மாலைக்குள் அந்தப் பெண்ணின் பெற்றோரிடம் பேசி, அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சிகிச்சை எடுத்தாள், படிப்பை முடித்தாள், நன்றாக இருக்கிறாள். பையன் மட்டும் மறுநாளே பேட்ஜைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டான்.

ஆறு வருடங்களாக இந்தக் குழுவை நடத்திவருகிறேன். இதில் வரும் பிள்ளைகளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தங்கள் பள்ளியிலும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிற ஆசிரியர்கள், நாங்கள் பட்ட பிறகு கற்றுக்கொண்டதை முதலிலேயே தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் தேவை என்பதைப் பற்றிக் கொஞ்சம். 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 15 முதல் 29 வயதினரின் இறப்புக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. ஏழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், 40 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பு என்றால் ஐந்தாறு பிள்ளைகள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குத் தெரியும். பிள்ளைகள் முதலில் வாய் திறப்பது தங்கள் வயதுக்காரர்களிடம்தான். நாம் குழு அமைத்தாலும் அமைக்காவிட்டாலும் அந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. கேட்கிற பிள்ளை தனியாக விடப்படுகிறதா, அதற்குப் பின்னால் ஒரு பெரியவர் நிற்கிறாரா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

முதல் வருடம் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததிலேயே தவறினோம். நன்றாகப் படிக்கிறவர்கள், வகுப்புத் தலைவர்கள், மேடையில் பேசக்கூடியவர்கள் என்று ஆசிரியர்கள் கூடி 14 பேரைக் குறித்தோம். தூங்கிப்போன அந்தப் பையனும் இன்னும் இரண்டு பேரும் தவிர, மற்றவர்களிடம் ஒரு வருடம் முழுக்க யாரும் வந்து பேசவில்லை. பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதி ஆசிரியரிடம் கொடுக்கிற வகுப்புத் தலைவனிடம் போய் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்?

இரண்டாம் வருடம் எல்லா வகுப்புகளிலும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். "மனசு சரியில்லாதபோது நம் வகுப்பில் யாரிடம் போய்ப் பேசுவாய்? மூன்று பெயர் எழுது. உன் பெயர் வேண்டாம்." அவ்வளவுதான். சீட்டுகளை எண்ணியபோது ஸ்டாஃப் ரூமில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அதிகம் பேர் எழுதியிருந்தது கடைசி வரிசையில் உட்காரும் ஒருவனின் பெயரை. ஹோம்வொர்க் ஒழுங்காக எழுதாதவன், இரண்டு முறை பெற்றோரை அழைத்துவரச் சொல்லப்பட்டவன். இன்னொரு வகுப்பில், வருடம் முழுக்க நான் குரலைக்கூடக் கேட்டிராத ஒரு பெண்ணின் பெயரை 17 பேர் எழுதியிருந்தார்கள். வகுப்புக்குள் யார் யாருக்கு நிழல் என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

அமெரிக்காவில் மாணவர் தற்கொலையைத் தடுக்க நடக்கும் ஹோப் ஸ்குவாட் என்ற திட்டமும் இப்படித்தான் சக மாணவர்களின் பரிந்துரையை வைத்து ஆட்களை எடுக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1998-இல் அதே நாட்டின் வட டகோட்டா மாநிலத்தில் இதே நோக்கத்தோடு தொடங்கிய சோர்சஸ் ஆஃப் ஸ்ட்ரென்த் திட்டம் இன்னொன்றையும் கவனிக்கிறது. பள்ளிக்குள் இருக்கும் ஒவ்வொரு நட்பு வட்டத்திலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. விளையாட்டுக் குழு, தனியாக வரைந்துகொண்டிருக்கும் கூட்டம், புதிதாகச் சேர்ந்தவர்கள், எப்போதும் தண்டனை வாங்குகிறவர்கள் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும். நல்ல பிள்ளைகளை மட்டும் சேர்த்தால் அந்தக் குழு நல்ல பிள்ளைகளுக்கு மட்டும்தான் பயன்படும்.

பெயர் அதிகம் வந்துவிட்டது என்பதற்காக யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, என்ன வேலை, எவ்வளவு நேரம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லிவிட்டு, யோசிக்க ஒரு வாரம் தருகிறோம். "என் வீட்டில் இப்போது நிலைமை சரியில்லை, இன்னொருத்தர் கஷ்டத்தைக் கேட்க என்னால் முடியாது" என்று ஒரு பெண் சொன்னாள். அந்தத் தெளிவைப் பாராட்டினேன். பிறகு அவள் வீட்டு நிலைமையைப் பற்றிப் பேசினோம். குழுவில் சேராமலேயே அவளுக்கு உதவி கிடைத்தது.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதல் வருடம் இரண்டு மணி நேரம் ஒரு சொற்பொழிவு நடத்திவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருந்தோம். இப்போது வாரம் ஒரு பீரியட் என்று பத்து வாரம். அதில் பாதிக்கு மேல் கேட்கப் பழகுவதற்கே போகிறது. இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும், மற்றவர் வாயே திறக்கக் கூடாது. தலையாட்டலாம், முகம் பார்க்கலாம், அவ்வளவே. முதல் முறை யாராலும் முடிவதில்லை. நாற்பதாவது நொடியில் சிரிப்பு, ஐம்பதாவது நொடியில் "எனக்கும் அப்படித்தான்டா, கேளேன்" என்று தன் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். நாலாவது வாரத்தில்தான் அந்த மூன்று நிமிடம் அமைதியாகப் போகும். அமைதியாக உட்கார்ந்து கேட்கப்பட்ட பிள்ளை ஒருத்தி, பயிற்சிக்காகப் பேசத் தொடங்கி, நிஜமாகவே அழுதுவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும், கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்று புரிந்தது.

அப்புறம், என்ன சொல்லக் கூடாது என்பது. "இதெல்லாம் ஒரு விஷயமா?", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க", "தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்." இந்த மூன்றையும் பிள்ளைகள் எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று பார்த்தால், எல்லாம் நம்மிடமிருந்துதான். நல்ல எண்ணத்தில் சொல்கிறோம், பேச வந்தவர் வாயை அடைத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக மூன்று சின்ன வார்த்தைகளைப் பழக்குகிறோம். "சொல்லு, கேட்கறேன்." "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்ல?" "இப்போ நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?" இதற்கு மேல் அறிவுரை எதுவும் வேண்டாம். என்ன நோய் என்று கண்டுபிடிப்பதும், தீர்வு சொல்வதும் அவர்கள் வேலையில்லை.

ரகசியம் காப்பதைப் பற்றிப் பேசும் வாரம்தான் பயிற்சியிலேயே முக்கியமானது. அந்தப் பையன் மாட்டிக்கொண்டது இங்கேதான். நண்பன் ஒருவன் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்பதான் சொல்லுவேன்" என்று சொன்னால், பதினான்கு வயதுப் பிள்ளை சத்தியம் செய்துவிடும். நட்பு என்றாலே அதுதான் என்று நினைக்கிற வயது. அதனால் அந்த இடத்தில் சொல்ல வேண்டியதை வார்த்தை வார்த்தையாகக் கொடுத்துவிட்டோம். "நீ சொல்றதை நாலு பேர்கிட்ட சொல்லிக்கிட்டுத் திரிய மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உன்னை யாராவது துன்புறுத்துறாங்கன்னு தெரிஞ்சா, உன்னால வேற யாருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா, அன்னிக்கே மிஸ்கிட்ட சொல்லுவேன். நீயும் வா, சேர்ந்து போய்ச் சொல்லலாம்." பேச்சு தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். கேட்ட பிறகு சொன்னால் அது துரோகமாகத் தெரியும்.

அப்படிச் சொன்னால் பிள்ளைகள் பேசவே மாட்டார்களே என்று நானும் பயந்தேன். பேசுகிறார்கள். உள்ளே இருப்பதை இறக்கி வைக்க வேண்டும், அதோடு யாராவது ஒரு பெரியவருக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருக்கிறது. தாங்களே போய்ச் சொல்லத்தான் முடிவதில்லை.

தற்கொலை என்ற சொல்லை உச்சரித்தாலே பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் வந்துவிடும் என்று எங்கள் பள்ளியிலும் சிலர் வாதாடினார்கள். அந்தப் பயம் இயல்பானது, ஆனால் ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரிடம் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மற்றவர்களிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக்கூட அது தீங்கு செய்யவில்லை. ஆகவே நாங்கள் அந்தச் சொல்லை மறைப்பதில்லை. அதே சமயம், கேட்டு ஆழம் பார்க்கிற வேலையைக் குழுப் பிள்ளைகளிடம் விடுவதும் இல்லை. "இனிமே நான் இருக்க மாட்டேன்", "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி" என்பது போன்ற பேச்சு, திடீரென்று பிடித்த பொருட்களை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து, அப்போதே ஒரு பெரியவரிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கேட்பது, மதிப்பிடுவது எல்லாம் நானும் பள்ளிக்கு வரும் ஆலோசகரும் செய்ய வேண்டியவை.

இந்த ஒப்படைப்புதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. சோர்சஸ் ஆஃப் ஸ்ட்ரென்த் திட்டத்தை 18 உயர்நிலைப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்ட முடிவில் ஒரு விஷயம் என் கண்ணில் நின்றது. பெரிய பள்ளிகளில், பயிற்சி பெற்ற மாணவர்கள் தற்கொலை எண்ணத்தில் இருந்த நண்பரைப் பற்றி ஒரு பெரியவரிடம் தெரிவிப்பது, பயிற்சி பெறாதவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. நண்பரைக் குணப்படுத்தினார்களா என்று அந்த ஆய்வு அவர்களிடம் எதிர்பார்க்கவில்லை. பெரியவரிடம் கொண்டு சேர்த்தார்களா என்று பார்த்தது. ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் ஆன்டனி ஜார்மும் 2000-இல் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சியில் பதின்வயதினருக்கென்று தனிப் பாடம் இருக்கிறது. அதிலும் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் நண்பரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது முக்கியமான படி. முதலுதவி என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. அடிபட்டவருக்குக் கட்டுப் போடுகிறவர் அறுவை சிகிச்சை செய்வதில்லை.

அடுத்தது இரவு. பகலில் பள்ளிக்குள் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் எங்கள் கைக்குள் நிற்கும். கனமானவை இரவு பதினொன்றுக்கு மேல் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அந்த நேரத்தில் பிள்ளை தன் அறையில் தனியாக இருக்கிறது, எதிரில் ஒரு திரை மட்டும். பேட்ஜைக் கழற்றி வைத்த அந்தப் பையனை மறு வருடம் போய்ப் பார்த்தேன். குழுவுக்குத் திரும்ப வரச் சொல்லவில்லை. "உனக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது, என்ன விதி வைக்கலாம் சொல்லு" என்று கேட்டேன். ஒரு நாள் எடுத்துக்கொண்டு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் குழு வேலை கிடையாது. அதற்கு மேல் ஆபத்தான செய்தி வந்தால் பதில் டைப் செய்துகொண்டு உட்காராதே, வீட்டில் இருக்கும் பெரியவரை எழுப்பு. அவர் மிஸ்ஸைக் கூப்பிடட்டும். மிஸ் போனை எடுக்க வேண்டும்.

கடைசி வரியை அவன் அடிக்கோடிட்டிருந்தான். அன்றிலிருந்து நானும் இன்னொரு ஆசிரியரும் முறை வைத்துக்கொண்டு இரவில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். எங்களால் எடுக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்காக, அவசர உதவி எண்ணும் இலவச மனநல உதவி எண்ணும் ஒவ்வொரு வீட்டிலும் அச்சிட்ட தாளில் இருக்கின்றன. ஆறு வருடத்தில் நடு இரவில் அழைப்பு வந்தது நான்கு முறை. நான்கு முறையும் சரியான நேரத்தில் வந்த அழைப்பு.

அதன் பிறகு பெற்றோர். "மத்தவங்க கஷ்டத்தையெல்லாம் கேட்டுக் கேட்டு என் பொண்ணு மனசு கெட்டுப்போயிடும்" என்று ஒரு தாய் வந்து சொன்னார். அன்று நான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். பின்னால் படித்தபோது, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று தெரிந்தது. அமண்டா ரோஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002 முதல் எழுதிவரும் ஆய்வுகளில் ஒரு வழக்கத்தைச் சுட்டிக்காட்டுகிறார். தோழிகள் இருவர் ஒரே கஷ்டத்தைத் திரும்பத் திரும்பப் பேசிப் பேசி அதிலேயே உழல்வது. நட்பு நெருக்கமாகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடுகின்றன, குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம். ஆறுதல் மாதிரியே இருக்கும், ஆனால் இருவரும் சேர்ந்து ஆழத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தாயை மறுபடி அழைத்து, அவர் சொன்னது சரி என்று சொல்லி, அதற்காக என்ன மாற்றம் செய்திருக்கிறோம் என்பதையும் விளக்கினேன். ஒரே விஷயத்தை ஒரே நண்பர் மூன்றாவது முறை சொல்ல வந்தால், அது குழுப் பிள்ளைக்கான வேலை இல்லை என்று அர்த்தம், ஆலோசகரிடம் கொண்டுபோக வேண்டும். பேசிய பிறகு இருவரும் சேர்ந்து வேறு ஏதாவது செய்ய வேண்டும், ஒரு நடை, ஒரு விளையாட்டு, நூலகத்தில் பத்து நிமிடம், எதுவானாலும் சரி. தேர்வுக்கு முன் மூன்று வாரம் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் முழு ஓய்வு. அந்த நாட்களில் ஆசிரியர்கள் இடைவேளையில் வராந்தாவில் இருப்போம். அந்தத் தாய்தான் இப்போது புதுப் பெற்றோர்களிடம் பேசுகிறார்.

வாரம் ஒருமுறை 40 நிமிடம் குழு கூடுகிறது. இதை எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்வதில்லை. ஸ்பெஷல் கிளாஸ் வைக்க வேண்டும் என்று அந்த நேரத்தைக் கேட்டபோது தலைமை ஆசிரியரிடம் போய் நின்று மறுத்தேன். கூட்டத்தில் யார் பெயரும் வராது. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன். "இந்த வாரம் வீட்டுக்குப் போன பிறகும் உன் மனசை விட்டுப் போகாதது எது?" சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். சிலர் தன் வீட்டுச் சண்டையைச் சொல்வார்கள். ஒன்றுமே சொல்லாமல் சுருங்கி உட்கார்ந்திருப்பவரைத்தான் கூட்டம் முடிந்ததும் நிறுத்திப் பேசுவேன். இந்த 40 நிமிடம் இல்லையென்றால் குழுவையே மூடிவிடுவது நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயிற்சி கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைத் தனியே விடுவது, நீச்சல் தெரியாதவரைக் காப்பாற்ற நீச்சல் கற்றுக்கொண்டிருப்பவரைத் தண்ணீரில் இறக்கிவிட்டு நாம் கரையிலிருந்து எழுந்து போவது மாதிரி.

ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும், அதுவும் மாணவர்களுக்கு முன்பே. மூன்றாம் வருடம் இதைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. ஆலோசகரிடம் போய்வந்த ஒரு மாணவியிடம், அக்கறையோடுதான், வகுப்பின் நடுவில் ஒரு ஆசிரியர் "என்னம்மா, இப்போ மனசு பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டார். ஒரே ஒரு வாக்கியம். இரண்டு மாதம் யாரும் எங்கள் பக்கமே வரவில்லை. அந்த மாணவி பிரிவு மாற்றிக்கொண்டு போனாள். இப்போது வருடத் தொடக்கத்தில் எல்லா ஆசிரியர்களும், அலுவலக ஊழியர்களும், வண்டி ஓட்டுநர்களும் சேர்ந்து அரை நாள் உட்காருகிறோம். யாரிடம் எதைக் கேட்கலாம், எங்கே கேட்கக் கூடாது, ஸ்டாஃப் ரூமில் எந்தப் பேச்சு எழவே கூடாது என்பதுதான் பாடம்.

அறை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமை ஆசிரியர் அறைக்கு எதிரில் அழகாக ஒரு அறை ஒதுக்கி, வாசலில் பலகையும் மாட்டினோம். உள்ளே போகிறவர் யார் என்று பள்ளிக்கே தெரிந்தது. ஒருவரும் போகவில்லை. இப்போது அறை கிடையாது. படிக்கட்டு, மைதான ஓரம், பள்ளி விட்டு வண்டிக்கு நிற்கும் வரிசை, இங்கேதான் எல்லாம் நடக்கிறது. பையன்கள் எதிரெதிரே உட்கார வைத்தால் பேசவே மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டோ, பந்தைத் தட்டிக்கொண்டோ இருக்கும்போது, "என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு ஒரு பிரச்சினை" என்று ஆரம்பிப்பார்கள். அந்த நண்பன் யார் என்று கேட்காமல் இருக்கக் குழுப் பிள்ளைகள் எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மனம் வாடிய பிள்ளைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு குழுவாக உட்கார வைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. செய்யவில்லை. சிக்கலில் இருக்கும் பதின்வயதினரை மட்டும் ஒன்றாகச் சேர்க்கும்போது சில சமயம் தீங்கு கூடிவிடுகிறது என்று தாமஸ் டிஷியனும் உடன் ஆய்வாளர்களும் 1999-இலேயே காட்டியிருக்கிறார்கள். ஒருவர் பழக்கம் இன்னொருவருக்குத் தொற்றுகிறது. அவர்கள் ஆராய்ந்தது முரட்டு நடத்தையைப் பற்றி. ஆனாலும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் வகுப்புக்குள் பரவியதைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அந்த எச்சரிக்கை போதுமானதாக இருந்தது. அதனால் எங்கள் பேச்சும், சுவரில் ஒட்டும் தாள்களும் எப்படித் துன்பப்பட்டார்கள் என்பதைச் சொல்வதில்லை. எப்படி உதவி கேட்டார்கள், யார் கை கொடுத்தார்கள் என்பதைத்தான் சொல்கின்றன.

எல்லோருக்கும் பொதுவான வகுப்புகளையும் விட்டுவிடவில்லை. பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம், நடித்துப் பார்த்தும் விவாதித்தும் மாணவர்களே மனநலத்தைப் பற்றிப் பேசிய பள்ளிகளில், ஒரு வருடம் கழித்துப் புதிய தற்கொலை முயற்சிகள் மற்றப் பள்ளிகளில் நடந்ததில் ஏறத்தாழப் பாதியாக இருந்தன. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்த பள்ளிகளில் அப்படிப்பட்ட குறைவு தெரியவில்லை. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு இன்னொரு கோணம். பள்ளிச் சூழலை மேம்படுத்தும் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும் சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களும் நடத்தினார்கள். பின்னவர்கள் நடத்திய இடத்தில் மாற்றம் தெரிந்தது, ஆசிரியர்கள் நடத்திய இடத்தில் தெரியவில்லை. ஆசிரியையாக எனக்கு அதைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் புரிந்தது. மதிப்பெண் போடுகிற கையே மனதையும் தொட வந்தால் பிள்ளை கொஞ்சம் ஒதுங்கத்தான் செய்யும். அதனால்தான் குழுவோடு வேலை செய்ய, பாடம் நடத்தாத ஒரு ஆலோசகரை வாரம் இரண்டு நாளாவது வரவழைக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் இரண்டு வருடம் போராடி வாங்கினேன்.

இத்தனை ஆபத்துகளைச் சொல்லிவிட்டேன். ஆனால் குழுவின் அன்றாட வேலையில் பெரும்பகுதி மிகச் சிறியது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருவது. மூன்று நாள் வராதவருக்கு நோட்டு எழுதி வைப்பது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் வகுப்புக்குள் நுழையும் முதல் நிமிடத்தில், எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அந்த நிமிடத்தில், "வா, இங்க இடம் வச்சிருக்கேன்" என்று கூப்பிடுவது. இதற்கெல்லாம் பதிவேடு கிடையாது. வருட முடிவில் எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள் என்று நிர்வாகம் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் இரண்டைத்தான் கணக்கு வைக்கிறோம். ஒரு பிள்ளை நண்பரிடம் முதலில் சொன்ன நாளுக்கும் ஒரு பெரியவருக்குத் தெரிந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்பது ஒன்று. முதல் வருடம் 19. போன வருடம் வந்தவற்றில் பெரும்பாலானவை அன்றைக்கே, ஒன்று மட்டும் இரண்டு நாள். குழுப் பிள்ளைகளில் எத்தனை பேர் தனக்காக உதவி கேட்டார்கள் என்பது மற்றொன்று. போன வருடம் 22 பேரில் ஏழு பேர். ஏழு பேர் என்ற அந்தக் கணக்கைப் பார்த்து ஒரு சக ஆசிரியர் கவலைப்பட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த வருடப் பயிற்சியின் ரகசியம் காக்கும் வாரம் போன மாதம் வந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "மிஸ், நான் பெரியவங்ககிட்ட சொல்லிட்டேன்னு தெரிஞ்சா அவ என்கூடப் பேசாம போயிடுவாளே?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்த பன்னிரண்டாம் வகுப்பு அக்கா சொன்னாள். "ஆமா, பேச மாட்டா. எனக்கு அப்படித்தான் ஆச்சு."

"அப்புறம் எப்போக்கா பேசினாங்க?"

"இன்னும் பேசல." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "ஆனா தினமும் ஸ்கூலுக்கு வர்றா. காலையில கேட்ல பார்க்கறேன்."